செயினுக்கு ஹாட் வேக்ஸ் போடக் கொடுக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்த ஜனவரியில் தென் சென்னையில் ஒரு சைக்கிள் கடையில் 2,850 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். செயினைக் கழுவி ஹாட் வேக்ஸ் (ஆயிலுக்குப் பதிலாக உருகிய மெழுகில் முக்கி எடுப்பது) போட்டதாகச் சொன்னார்கள், போடவில்லை. புது குவிக் லிங்க் (செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் கண்ணி) மாட்டியதாகப் பில் போட்டார்கள், மாட்டவில்லை. கூடவே விற்ற பாட்டிலில் இருந்தது மெழுகே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த சர்வீஸை இப்போது நிறைய பேர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நல்லபடியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். செய்தார்களா இல்லையா என்று பார்க்கத் தெரியாததால்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஓட்டுபவர்களுக்குத் தெரியும். கோவளம் தாண்டினால் ரோட்டோரம் எல்லாம் மணல், காற்றில் உப்பு. ஆயில் போட்ட செயின் மகாபலிபுரம் போய்த் திரும்புவதற்குள் கறுத்துவிடும். கெண்டைக்காலில் கறுப்புக் கோடு, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் படிக்கட்டுச் சுவரில் கறை. மெழுகு போட்ட செயின் அப்படி இல்லை. மெழுகு காய்ந்து கெட்டியாக நிற்பதால் மணலும் தூசியும் ஒட்டுவது குறைவு. விரலால் தடவினால் விரல் சுத்தமாக இருக்கும், செயினும் அதிக நாள் உழைக்கும். நவம்பரில் மாட்டிய 11 ஸ்பீடு செயின் (பின் சக்கரத்தில் 11 கியர் உள்ள வண்டிக்கானது), 600 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இப்போதே மெழுகுக்கு மாற்றிவிடலாம் என்றுதான் கொடுத்தேன்.

கணக்கு இது: ஹாட் வேக்ஸ் பேக்கேஜ் 1,600, புது குவிக் லிங்க் 350, அடுத்தடுத்து வீட்டில் போட்டுக்கொள்ள 100 மில்லி பாட்டில் 900. சனிக்கிழமை காலையில் கொடுத்தேன், சாயங்காலமே தயார் என்று போன் வந்தது. "அல்ட்ராசோனிக் மெஷின்ல ரெண்டு தடவ கழுவி, சூடான வேக்ஸ்ல அரை மணி நேரம் ஊற வச்சோம் சார். இனிமே 400 கிலோமீட்டருக்குக் கவலையே இல்ல" என்றார் கடைக்காரர். அல்ட்ராசோனிக் என்றால் ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் மெஷின். செயின் பளபளவென்று இருந்தது. பெடலைப் பின்னால் சுற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தோஷமாகப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அந்த வழுக்கலிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உருகிய மெழுகில் முக்கி எடுத்த செயின் ஆறியதும் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். ஒரு முனையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் தொங்காது. ஒவ்வொரு கண்ணியாக விரலால் மடக்கி உடைத்துவிட வேண்டும். அப்போது மொறுமொறு என்று சத்தம் வரும், வெள்ளைத் தூள் உதிரும். அதன் பிறகுதான் வண்டியில் மாட்ட முடியும். மாட்டிய பிறகும் முதல் சில கிலோமீட்டர் கியர் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் விழும். என் செயின் கயிறு மாதிரி தொங்கியது, தொட்டால் ஈரப்பசை. அன்று எனக்கு இது எதுவும் தெரியாது.

இரண்டாவது வாரமே விரலில் கறுப்பு ஒட்டியது. போன் செய்தேன். "முதல்ல அப்படித்தான் சார் இருக்கும், எக்ஸ்ட்ரா வேக்ஸ் வெளிய தள்ளும். பாட்டில்ல இருக்கறத 100 கிலோமீட்டருக்கு ஒரு தடவ போட்டுக்கிட்டே இருங்க, செட் ஆயிடும்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பினேன். புதிதாக மெழுகு போட்ட செயினில் மிச்ச மெழுகு உதிரத்தான் செய்யும். ஆனால் அது காய்ந்த துகளாக உதிரும், தட்டிவிட்டால் போய்விடும். மசி மாதிரி கையில் ஈஷிக்கொள்ளாது. சில மெழுகில் மாலிப்டினம் டைசல்ஃபைடு மாதிரி பொடிகள் கலந்திருப்பதால் மெழுகே சாம்பல் நிறத்தில் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்திருக்கிறதா, பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே மூன்று மாதம் ஓட்டினேன். ஏப்ரலில் நாங்கள் நாலு பேர் புதுச்சேரி வரை போனோம், சுமார் 150 கிலோமீட்டர். மரக்காணம் உப்பளம் வரும்போது என் வண்டி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. எங்களில் பல வருடமாக மெழுகு போட்டே ஓட்டும் ஓர் அண்ணன் இருக்கிறார். டீக்கடையில் நிறுத்தியதும் குனிந்து செயினை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். விரலைத் துண்டில் துடைத்தார், கறுப்பு போகவில்லை.

"தம்பி, இது வேக்ஸ் போட்ட செயினே இல்லப்பா. உள்ள கிரீஸ் அப்படியே இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செயினைக் கழற்றி, பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய மினரல் டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கினேன். ஐந்து நிமிடத்தில் டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிட்டது. ஒரு ராத்திரி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அடியில் பொடி மணலும் இரும்புத் தூளும் சேறாகப் படிந்திருந்தது. நாலு தடவை டர்பன்டைன் மாற்றிய பிறகுதான் தெளிவாக வந்தது. ஜனவரியில் இரண்டு தடவை அல்ட்ராசோனிக்கில் கழுவியிருந்தால், அதற்கு மேல் நான் போட்டதும் மெழுகாக இருந்திருந்தால், இவ்வளவு கிரீஸ் எங்கிருந்து வரும்?

விஷயமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. புது செயின் கம்பெனியிலிருந்து வரும்போதே உள்ளே கெட்டியான கிரீஸோடு வரும். பின்னுக்கும் ரோலருக்கும் நடுவில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது இருக்கும். ஆயில் போடுபவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. மெழுகுக்கு மட்டும் அது ஒத்தே வராது. எண்ணெய்ப் பசை இருக்கிற உலோகத்தில் மெழுகு பிடிக்காது. கிரீஸோடு கலந்தால் மெழுகு கெட்டிப்படவும் செய்யாது, இளகி மாவாகிவிடும். அதில் மணல் சேர்ந்தால் அம்மியில் வைத்து அரைப்பதுபோல் பின்னைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதனால் ஹாட் வேக்ஸ் வேலையில் முக்கால்வாசி அந்தக் கிரீஸை எடுப்பதுதான். ஏமாற்றுவதற்கு வசதியான இடமும் அதுவே. வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டால் உள்ளே கழுவினார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் 0.5 சதவீதம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், 11 ஸ்பீடில் அதோடு மாற்றிவிடுவது நல்லது. என்னுடையது அதைத் தாண்டிவிட்டது. மொத்தமே 1,900 கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கிறேன். தேய்மானம் முழுவதையும் கடை மேல் போட மாட்டேன், முதல் 600 கிலோமீட்டரில் கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஆனால் நல்லது நடக்கிறது என்று நம்பி மூன்று மாதம் அரைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. புது செயினுக்கு 2,600 ரூபாய் ஆனது. கேசட் (பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) தப்பியதே பெரிய விஷயம்.

அப்புறம் அந்தப் பாட்டில். லேபிளில் தண்ணீர் கலந்த மெழுகு என்று போட்டிருந்தது. அண்ணன் தான் பயன்படுத்தும் டிரிப் வேக்ஸ் (சொட்டுச் சொட்டாக விடும் திரவ மெழுகு) பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு எவர்சில்வர் தட்டில் பத்துப் பத்துச் சொட்டு விட்டு ஃபேனுக்கு அடியில் வைத்தோம். காலையில் அவருடையது வெள்ளையாகக் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. என்னுடையது விட்ட மாதிரியே ஈரமாக, தட்டைச் சாய்த்த பக்கம் ஓடியது. பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டோம். அவருடையது பால் மாதிரி கலந்தது. என்னுடையது ரசத்தில் மிதக்கும் எண்ணெய் மாதிரி மேலே வட்டம் வட்டமாக நின்றது. ஏதோ லேசான எண்ணெயை ஊற்றி லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். கரைப்பானில் கலந்து வரும் மெழுகும் உண்டு, அது தண்ணீரில் கலக்காதுதான். ஆனால் அதுவும் காய்ந்ததும் மெழுகாகத்தான் நிற்க வேண்டும்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். இம்போர்ட்டட் என்று பெரிதாக இருக்கிறது. யார் இறக்குமதி செய்தார்கள், முகவரி என்ன, எந்த மாதம், எம்ஆர்பி எவ்வளவு, ஒன்றுமே இல்லை. பேக் செய்து விற்கும் பொருளில் இதெல்லாம் இருக்க வேண்டும் என்று 2011 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளே சொல்கின்றன. 900 ரூபாய் கொடுக்கும்போது அரை நிமிடம் லேபிளைப் படித்திருக்கலாம்.

கறுப்பு டர்பன்டைன் பாட்டிலோடு கடைக்குப் போனேன். "இது நீங்க மூணு மாசம் ஓட்டின அழுக்கு சார்" என்றார். சரி, மெழுகு உருக்கும் பாத்திரத்தைக் காட்டுங்கள் என்றேன். "அது வேற பிராஞ்ச்ல இருக்கு." அல்ட்ராசோனிக் மெஷின்? "சர்வீஸுக்குப் போயிருக்கு." பிறகு குவிக் லிங்க்கை எடுத்து மேஜையில் வைத்தேன். நவம்பரில் நானே மாட்டியது, தங்க நிறம், பிளையர் வழுக்கி ஒரு கோடு விழுந்திருக்கும். அதே கோட்டோடு அதே லிங்க். நவம்பரில் எடுத்த போட்டோவும் போனில் இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. கல்லாவிலிருந்து 350 ரூபாயை எடுத்து நீட்டினார். மற்றதற்கு முடியாது என்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக மட்டும் இல்லை. பல 11 ஸ்பீடு குவிக் லிங்க்கை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது. பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் அது விட்டுவிட்டால், பின்னால் லாரி வரும் ரோடு அது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் செயினை வண்டியில் மாட்டாமல் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். விறைப்பாக வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். எதில் கழுவுகிறீர்கள், எத்தனை தடவை, கடைசியில் ஸ்பிரிட்டில் அலசுகிறீர்களா என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர் ஆர்வமாகச் சொல்வார், பாத்திரத்தையும் காட்டுவார். கொடுக்கும் முன் குவிக் லிங்க்கை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூடி-40 (துரு இளக்கும் ஸ்பிரே) அடித்துத் துடைப்பதைக் கழுவுவது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் இப்போது வீட்டிலேயே செய்கிறேன். புது செயினை டர்பன்டைனில் தெளிவாகும் வரை மூன்று நாலு முறை குலுக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காய வைத்தேன். ஈரம் இருந்தால் சூடான மெழுகு தெறிக்கும். இந்தக் கழுவல் வேலையை அடுப்பு பக்கத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது, பெட்ரோலைத் தொடவே வேண்டாம். மெழுகுவர்த்தியை உருக்காதீர்கள், அதில் சாயமும் வாசனையும் வேறு சரக்கும் கலந்திருக்கும். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் சுத்தமான பாரஃபின் மெழுகு கிடைக்கும். பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைக்காமல் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்குகிறேன். முழுவதும் உருகியதும் செயினை இறக்கி, அதுவும் சூடேறும் வரை பத்து நிமிடம் விட்டு, கம்பியால் அசைத்துக் கொடுத்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி எல்லாம் வெளியே வரும். பிறகு அடுப்பை அணைத்து, மெழுகு மேல் லேசாக ஆடை கட்டும்போது எடுத்துத் தொங்கவிட வேண்டும். ரொம்பச் சூட்டில் எடுத்தால் மெழுகு வடிந்து போய்விடும். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது.

அடுத்த தடவை கழுவ வேண்டிய அவசியமே இல்லை. 250, 300 கிலோமீட்டர் ஆனதும் வெந்நீர் ஊற்றி, துடைத்துக் காய வைத்து, மறுபடி முக்கினால் போதும். மழையில் நனைந்தால் மட்டும் அன்றைக்கே செய்துவிட வேண்டும், நம் ஊர்க் கடல் காற்றுக்கு மறுநாளே துரு தெரியும். அதனால் தினமும் ஆபீசுக்கு, மழை பார்க்காமல் ஓட்டுபவர்களுக்கு நான் மெழுகைச் சொல்ல மாட்டேன். நல்ல செயின் ஆயிலை அளவாக விட்டு, வெளியே துணியால் துடைத்துவிடுங்கள், அதுவே போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பில், போட்டோ, பாட்டில் லேபிள் விவரத்தோடு புகார் பதிவு செய்திருக்கிறேன். கடை பதில் சொல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். அதுவரை பாட்டில், கறுப்பு டர்பன்டைன், தங்க நிற லிங்க் மூன்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் பில்லோடு எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி பாட்டில் உங்களிடம் இருந்தால், இன்றைக்கு ராத்திரி பத்துச் சொட்டைத் தட்டில் விட்டு வைத்துவிட்டுத் தூங்குங்கள்.