சர்க்கரை நோயாளிக்கு எது தகும்: கருப்பட்டியா, இனிப்பு மாத்திரையா?

சாயல்குடி முதல் கீழக்கரை வரை பனையோடு வாழும் இந்தக் கடற்கரையில், சர்க்கரை நோய் வந்தவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, 'சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டி போட்டுக் குடியுங்கள்' என்பதுதான். மருந்துக்கடை இனிப்பு மாத்திரையைப் பற்றிக் கேட்டால், 'அது ரசாயனம், புற்றுநோய் வரும்' என்கிறார்கள். ஒன்றை விட்டால் அந்த இடத்தில் எது வரும் என்று பார்க்காமல் சொல்லப்படும் இந்த இரண்டு பேச்சும் நோயாளிக்கு உதவுவதில்லை.

பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, அதை அடுப்பில் வற்றக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தெடுக்கும் உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்கள் கருப்பட்டியில் சிறிதளவு இருப்பதும் உண்மையே. ஆனாலும், பதநீரின் நீர் வற்றியபின் எஞ்சுவதில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியும் அதே சுக்ரோஸ்தான். ரத்தச் சர்க்கரை ஏறுவதை அந்தச் சிறிதளவு தாதுக்கள் தடுத்துவிடாது. 'இது ஒன்றும் செய்யாது' என்ற நம்பிக்கையில் சுக்குக் காப்பியில் இரண்டு துண்டு கூடுதலாகப் போடுகிறவருக்குத்தான் கேடு அதிகம்.

இனி மாத்திரையின் மீதான அச்சத்தைப் பார்ப்போம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில், இத்தகைய மாத்திரைகளிலும் டயட் பானங்களிலும் சேர்க்கப்படும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேமை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைக் குறிக்கிறதே தவிர, எவ்வளவு உட்கொண்டால் ஆபத்து என்பதைக் குறிப்பதில்லை. மனிதரிடம் கிடைத்த சான்று குறைவானது என்றே அந்த முகமையும் சொன்னது. அதே சமயம் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2400 மில்லிகிராம். ஒரு டயட் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பதாகக் கொண்டால், வேறு வழியில் அஸ்பார்டேம் சேராதவர் ஒரே நாளில் குறைந்தது எட்டுப் பானங்கள் குடித்தால்தான் அந்த எல்லையை எட்டுவார். அஸ்பார்டேமில் உள்ள பினைலலனின் என்னும் கூறை உடல் சிதைக்க முடியாத பினைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்கள் மட்டும் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

சாக்கரின் என்னும் மற்றொரு செயற்கை இனிப்புக்கும் இத்தகைய வரலாறு உண்டு. எலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்ததால் 1970களில் எழுந்த அச்சம், எலிக்கு நேர்ந்த விதத்தில் மனிதருக்கு நேராது என்று தெரிந்தபின் தணிந்தது. அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகமும் 2000இல் நீக்கப்பட்டது. சமையலில் சூடு பட்டால் அஸ்பார்டேமின் இனிப்புக் குறையும். சுக்ரலோஸ் என்னும் இன்னொரு செயற்கை இனிப்பு சூட்டைத் தாங்கும் என்பதால் பாயசத்துக்கு அதுவே ஏற்றது. தொதல் என்னும் கீழக்கரை இனிப்புப் பண்டத்துக்கு இரண்டுமே உதவா. அதன் பதமே பாகில்தான் இருக்கிறது.

மாத்திரைக்கு எதிராக நான் பொருட்படுத்தும் வாதம் வேறு. உடல் எடையைக் குறைப்பதற்கென்று இத்தகைய இனிப்புகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதம் பரிந்துரைத்தது. நீண்ட காலம் பயன்படுத்தியவர்களிடம் நீரிழிவும் இதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. ஏற்கெனவே எடை கூடியவர்களே இவற்றை அதிகம் நாடுவதால், காரணம் எது, விளைவு எது என்பது இன்னும் தெளியவில்லை. அந்தப் பரிந்துரை, முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஆகவே, நோயில்லாத பிள்ளைகளுக்கு மாத்திரையும் டயட் பானமும் வேண்டாம். இனிப்பைக் குறைத்துப் பழக்குவதே போதும். நோயாளி இனிப்பில்லாத தேநீருக்குப் பழகிக்கொண்டால் மிக நல்லது. முடியாதவருக்குக் கருப்பட்டியைவிட அளவான மாத்திரையே மேல். ஓரிடத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். இன்சுலினோ, சர்க்கரையை அதிகம் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு பாம்பனிலிருந்து கடலுக்குப் போகிறவருக்கு, வழியில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால், இனிப்பு மாத்திரை எதுவும் செய்யாது. அப்போது உடனே கரைத்துக் குடிக்கச் சீனியோ கருப்பட்டியோ அவர் மடியில் இருந்தாக வேண்டும்.