மனச்சோர்வுக்குப் பதினாறு மாதம் தெரபி போன அனுபவம்: எப்போது போயிருக்க வேண்டும்?

என் கதையில் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. வேலை போகவில்லை, வீட்டில் சாவு விழவில்லை, யாரோடும் சண்டையில்லை. அதனாலேயே ஒரு வருஷம் வீணாய்ப் போனது.

வேலை சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், வீடு பெரம்பூரில். சாயங்காலம் வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போட்டதும் மாடிப்படி ஏறத் தோன்றாது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருப்பேன். முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் இருபது. போன் பார்க்க மாட்டேன், எதையும் யோசிக்கவும் மாட்டேன். வாட்ச்மேன் ஒருநாள், "என்ன சார், மேல அம்மா கதவைத் தொறக்கலியா?" என்றார். சிரித்துவிட்டு ஏறினேன். அசதி என்றுதான் நினைத்தேன்.

சரியாகப் பிடித்தது மனைவி. ஞாயிறு விடிகாலையில் காசிமேடு போய் மீன் வாங்கிவருவது என் பல வருஷப் பழக்கம். ஏலச் சத்தம், செருப்பில் ஏறும் ஐஸ் தண்ணீர் எல்லாமே பிடிக்கும். "ஏங்க, காசிமேடு போய் நாலு மாசமாச்சு, தெரியுமா?" என்றாள். சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நான் இப்படி நாள் கடத்தியதில் நம் பத்திரிகைத் தமிழுக்கும் பங்கு உண்டு. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மனஅழுத்தம், டிப்ரெஷனுக்கும் மனஅழுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். மனஅழுத்தம் இல்லாத ஆள் எஸ்டேட்டில் யார் இருக்கிறார்? மனச்சோர்வு என்று தனிச்சொல் இருப்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்புறம் 'கீழ்ப்பாக்கம்' பயம். 1794-ல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தனைக் கிண்டல் செய்ய அந்தப் பெயரே போதும். நானும் செய்திருக்கிறேன்.

கடைசியில் வயிற்றெரிச்சலுக்கும் ராத்திரி மூணு மணி விழிப்புக்கும்தான் டாக்டரிடம் போனேன். தைராய்டு, பி12 எல்லாம் நார்மல். அப்புறம் ஒரு தாளை நீட்டினார்: பி.எச்.க்யூ-9, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. அதிகபட்சம் 27. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு பார்ப்பது நல்லது என்றார். எனக்கு 14. "இதை வெச்சு நோய்னு முடிவு பண்ண முடியாது, ஆனா விட்டுடாதீங்க." ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்பது. பேனா அங்கே கொஞ்சம் நின்றது; 0 போட்டேன். அங்கே 0 போட முடியாதவர்கள் என்னைப்போல் நாள் கடத்தக் கூடாது. அன்றைக்கே 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

முதலில் போன கவுன்சலர் எனக்குச் சரிவரவில்லை. மூன்று தடவையும் பாதி நேரம் அவர்தான் பேசினார். யோகா செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள். 'தெரபி என்றால் இவ்வளவுதானா' என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஆளை மாற்றியிருக்க வேண்டும். இரண்டாவதாகப் போனது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளரிடம். அவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன், அவரும் முகம் சுளிக்கவில்லை. மாத்திரை எழுத வேண்டுமென்றால் மனநல டாக்டரான சைக்கியாட்ரிஸ்ட்தான், சைக்காலஜிஸ்டுக்கு அந்த வேலை இல்லை. எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை. தேவைப்பட்ட நண்பன் ஒருவன் மூன்று வாரம் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது என்றான்.

முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிஷம். நாலாவது, ஐந்தாவது வாரம் முன்னைவிட மோசமாக இருந்தது. வெளியே வந்து டீக்கடையில் நின்றால் தொண்டை அடைக்கும். நிறுத்திவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். அதையும் அடுத்த வாரப் பேச்சாக்கிவிட்டார்! வீட்டுப்பாடம் ஒரு நோட்டு: என்ன நடந்தது, அப்போது மனசில் ஓடியது என்ன, அதற்கு ஆதாரம் என்ன. 'மேனேஜர் பதில் போடவில்லை, வேலைக்கு ஆபத்து' என்று எழுதிய பக்கத்தை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. அவர் லீவில் இருந்திருக்கிறார்.

குறை என்றால் முதலில் செலவு. ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய், என் இன்ஷூரன்ஸில் வெளிநோயாளி செலவு வராது. அந்தக் காசு இல்லாதவர்களுக்கு அதே கீழ்ப்பாக்கத்தில் அரசு வெளிநோயாளி பிரிவு இருக்கிறது. பழைய கிண்டலை நினைத்துத் தயங்க வேண்டாம்.

வயிற்றெரிச்சல் போய்விட்டது. காசிமேடு மாதம் இரண்டு முறையாவது நடக்கிறது. மூணு மணி விழிப்பு இன்னும் வாரத்தில் ஒருநாள் உண்டு. ஹெல்மெட்டோடு உட்காருவதும் எப்போதாவது உண்டு, ஆனால் இப்போது மணி பார்க்கிறேன். அமர்வு மாதம் ஒன்றாகிவிட்டது. அடுத்தது வரும் வியாழன். நோட்டில் இரண்டு பக்கம் எழுதிப்போக வேண்டும், இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.