தூரினா, ரோமா? 'ப்ரொஃபொந்தோ ரோஸ்ஸோ' பார்த்தவர்கள் எங்கே போகலாம்?

1975-ல் வந்த 'ப்ரொஃபொந்தோ ரோஸ்ஸோ' என்ற இத்தாலியத் திகில் படத்தில் கதை நடக்கும் ஊர் ரோம். ஆனால் நள்ளிரவில் நாயகன் மார்க்கும் அவன் நண்பன் கார்லோவும் நின்று பேசும் அந்த வெறிச்சோடிய சதுக்கத்தை ரோம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ அதை எடுத்தது வடக்கே, தூரினில். ரோமில் இருப்பது படத்தின் பெயரைத் தாங்கிய கடையும், அதன் அடித்தளத்தில் ஒரு சின்ன மியூசியமும். இரண்டுக்கும் நடுவே வேக ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பலர் ஒன்றை விட வேண்டியிருக்கிறது.

முதலில் ரோம். லெபான்தோ மெட்ரோவில் இறங்கி நடந்தால் வியா தெய் கிராக்கி தெருவில் கடை. அர்ஜெந்தோவும் இயக்குநர் லூயிஜி கோட்ஸியும் 1989-ல் தொடங்கியது. மேலே புத்தகங்கள், முகமூடிகள், டிவிடிகள். படியிறங்கினால் மங்கலான வெளிச்சத்தில், கம்பிகளுக்குப் பின்னால், 'ஃபெனோமெனா', 'தெமோனி' போன்ற திகில் படங்களின் உருவங்களும் பொருட்களும். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பயப்படப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வருவதற்கு முன்பு ரப்பரையும் சாயத்தையும் வைத்து மனிதர்கள் கையாலேயே செய்த வேலையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது எனக்கு மரியாதைதான் வந்தது. கோட்ஸியே கடையில் இருக்கும் நாளாக அமைந்தால் அது பெரிய அதிர்ஷ்டம்.

ரோமில் இன்னொன்றும் உண்டு: கோப்பெதே குடியிருப்பு. வளைவின் நடுவே தொங்கும் பெரிய இரும்பு விளக்கு, தவளைகள் உட்கார்ந்திருக்கும் நீரூற்று. 1980-ல் வந்த அர்ஜெந்தோவின் 'இன்ஃபெர்னோ'வில் வரும் இடம். பொழுது சாயும் நேரத்தில் போங்கள்.

இருந்தாலும் என் ஓட்டு தூரினுக்கு. அந்தச் சதுக்கத்தின் பெயர் பியாத்ஸா சிஎல்என். இரண்டு நீரூற்றுகள், ஒன்றில் போ நதி ஆணாக, மற்றொன்றில் தோரா நதி பெண்ணாகச் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். படத்தில் வரும் 'ப்ளூ பார்' அங்கே இருக்காது. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942-ல் வரைந்த இரவு உணவகத்தின் ஓவியத்தை மனதில் வைத்துப் போட்ட செட் அது. பகலில் போனால் சாதாரண சதுக்கம், மக்கள் வேகமாகக் கடந்து போகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் அது படத்துக்குத் திரும்புகிறது. 1930களின் கனமான கல் சுவர்கள், வரிசை வரிசையாக ஜன்னல்கள், நம் காலடிச் சத்தம் மட்டும். போ சிலை பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் புரிந்தது: மார்க் கீழே நின்று கொலையைப் பார்க்கும் அந்த ஜன்னல் எவ்வளவு பக்கம், ஆனாலும் ஓடிப்போய்க் காப்பாற்ற முடியாத அளவுக்கு எவ்வளவு தூரம். இதை எந்தக் கண்ணாடிப் பெட்டியாலும் காட்ட முடியாது. நாஜி ஆக்கிரமிப்பின்போது இதே சதுக்கத்து ஹோட்டல் ஒன்றில்தான் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு நின்றால் அந்த அமைதி இன்னும் கனக்கும்.

ஆற்றைத் தாண்டி மலைச்சரிவில், படத்தில் பாழடைந்த மாளிகையாக வரும் வில்லா ஸ்காட். கட்டடக் கலைஞர் பியெத்ரோ ஃபெனோலியோ 1902-ல் கட்டியது. படப்பிடிப்புச் சமயத்தில் அது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதி. அவர்களை ரிமினி கடற்கரைக்கு விடுமுறைக்கு அனுப்பிவிட்டுத்தான் எடுத்தார்கள். இப்போது தனியார் வீடு. வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தயவுசெய்து மணி அடிக்காதீர்கள்.

மியூசியம் இல்லாமல் மனம் ஆறாது என்றால், தூரினிலேயே மோலே அந்தொனெல்லியானா கோபுரத்துக்குள் தேசிய சினிமா மியூசியம் இருக்கிறது. சினிமாவுக்கு முன்பே சுவரில் படம் காட்டிய பழைய மாய விளக்குகளுக்காகவே அரை நாள் ஒதுக்கலாம்.

ரோமில் ஏற்கெனவே இருப்பவர்கள், நேரம் குறைவு என்றால், கடையையும் கோப்பெதேவையும் ஒரே மாலையில் முடிக்கலாம். ஒரு ராத்திரி கூடுதலாகக் கையில் இருந்தால் யோசிக்காமல் தூரினுக்கு ரயில் ஏறுங்கள். ரயிலிலேயே படத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.