சிறுநீர் அயோடின்: தினசரி கன்ட்ரோலா, வெளித் தரச் சோதனையா?

சிறுநீரில் அயோடின் அளக்கும் ஆய்வகம், தன் முடிவு சரிதானா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு பேட்ச்சோடும், அதாவது ஒன்றாக அளக்கும் ஒவ்வொரு தொகுதி மாதிரிகளோடும், தானே ஓட்டும் கன்ட்ரோல் (மதிப்பு முன்பே குறித்துவைத்த மாதிரி). இன்னொன்று, அளவு சொல்லாமல் வெளியிலிருந்து வரும் மாதிரிகள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2001 முதல் நடத்தும் ஈக்விப் திட்டம் இந்த இரண்டாம் வகை. பணமும் ஆளும் குறைவு என்றால் எதை முதலில் பிடிப்பது?

எந்தப் பிழை நம்மைக் கெடுக்கும் என்பதைப் பொறுத்தது அது. இந்தப் பரிசோதனை தனி ஆளுக்கானது அல்ல, மக்கள்கூட்டத்தின் இடைநிலை மதிப்புக்கானது (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது). பள்ளிக் குழந்தைகளிடம் அது லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலும் கீழுமாகச் சிதறும் பிழை, நூற்றுக்கணக்கான மாதிரிகளின் இடைநிலையை அவ்வளவாக அசைக்காது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளும் பிழைதான் வில்லங்கம். உண்மையான இடைநிலை 108, ஆய்வகம் எப்போதும் 10 சதவீதம் குறைத்து அளக்கிறது என்று வையுங்கள். அறிக்கையில் 97 வரும். அயோடின் போதுமான மக்கள் பற்றாக்குறைப் பட்டியலில் ஏறிவிடுவார்கள்.

இந்தச் சாய்வை உள் கன்ட்ரோல் தனியாகக் காட்டிக்கொடுக்காது. கன்ட்ரோலுக்காகப் பலருடைய சிறுநீரைக் கலந்து, சிறு குப்பிகளில் உறையவைத்து, அதே ஆய்வகத்தில் பல நாள் அளந்து, அந்தச் சராசரியையே அதன் மதிப்பாக வைத்தால், அந்தச் சராசரிக்குள்ளேயே சாய்வும் உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோல் முடிவுகளை நாள்வாரியாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டி அழகாக ஓடும், முடிவு தப்பாகவே இருக்கும். இங்கே வெளிச் சோதனைதான் ஜெயிக்கிறது.

ஆனால் அது ஆண்டுக்குச் சில தடவைதான் வரும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு கணக்கெடுப்பே முடிந்துவிடலாம். அப்புறம், வெளி மாதிரி வந்தால் மட்டும் கைதேர்ந்தவரை உட்காரவைத்து மூன்று முறை ஓட்டிச் சராசரி அனுப்பும் பழக்கம் இருந்தால், அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அன்றாடக் கோளாறுகளோ பேட்ச்சுக்குள்தான் நடக்கின்றன. அயோடின் அளக்கும் சாண்டெல்-கோல்தாஃப் முறையில், அயோடின் கூடக்கூட மஞ்சள் சீரியம் கரைசல் வேகமாக வெளுக்கும்; அந்த வேகமே அளவு. குழாய்க்குக் குழாய் ஒரே இடைவெளியில் சீரியம் சேர்த்து, அதே வரிசையில், அதே இடைவெளியில் படிக்க வேண்டும். கடைசிக் குழாய்களைப் படிக்கத் தாமதமானால் மஞ்சள் கூடுதலாக வெளுத்து, அயோடின் அதிகம் என்று காட்டும். பேட்ச்சின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று கன்ட்ரோல் வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் தினசரி கன்ட்ரோல்தான் முதலில், ஒரு நிபந்தனையோடு. புதுக் கலவைக்கு மதிப்பு குறிக்கும் நாட்களில், அமெரிக்காவின் அளவைத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி போன்ற அமைப்பு சான்றளித்த சிறுநீர் மாதிரியையும் கூடவே ஓட்டிப் பார்க்க வேண்டும். அது விலை கூடியது, தினமும் செலவழிக்கக் கட்டாது; இதற்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம். கலவையில் ஒன்றாவது 100-ஐ ஒட்டி இருக்கட்டும், தீர்ப்பு அங்கேதான்.

இரண்டாலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு ஒன்றும் உண்டு. சர்க்கரை பார்க்கும் சில டிப்ஸ்டிக் பட்டைகளில் அயோடைடு உப்பு இருக்கிறது. களத்தில் அதே குப்பிக்குள் பட்டையை முக்கினால், ஆய்வகத்துக்கு வரும் முன்பே மாதிரி கெட்டுப்போகும். அயோடினுக்கான பங்கை முதலில் தனிக் குப்பியில் ஊற்றி மூடிவிட்டு, மிச்சத்தில் பட்டையை முக்கச் சொல்லுங்கள்.