கிராங்க் சீல் மாற்றி 1,400 மணி நேரம்: என் டிராக்டர் அனுபவம்

டிராக்டருக்கு அடியில், கிளட்ச் ஹவுசிங்கில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தபோது நான் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நிறுத்துகிற இடத்தில் ஒரு சாக்கைப் போட்டு வைத்தேன், அவ்வளவுதான். சம்பா உழவுக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கியதும்தான் விவகாரம் புரிந்தது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிளட்ச் வழுக்குகிறது.

சொட்டியதை விரலில் தொட்டுப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. கியர் ஆயில் என்றால் இவ்வளவு கறுப்பாக இருக்காது, மூக்கைத் துளைக்கிற நாற்றமும் அடிக்கும். ஆக இது இன்ஜின் ஆயில். ஃபிளைவீல் பக்கத்து கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டு இன்ஜினை விட்டு வெளியே வருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையம், போய்விட்டது.

சீல் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன் ஆக்சிலுக்கு மேலே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்கலாம். இல்லாவிட்டால் பிரித்த நிமிடமே இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

முதல் தடவை ஒரு பட்டறையில் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். எண்ணெய் குடித்த பழைய கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி அதையே மாட்டினார்கள். காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். பத்தே நாளில் மறுபடி வழுக்கல். பிளேட்டின் மேல் உரசிப் பிடிக்கிற லைனிங்குக்குள் ஊறிய எண்ணெய், சூடு ஏறியதும் வெளியே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அடித்துளையிலும் சொட்டு.

இரண்டாவது தடவை வேறு மெக்கானிக். அவர் கழற்றிய சீலை ஓரமாகப் போட்டுவிட்டு, கிராங்க் முனையைத் துணியால் துடைத்தார். என் கையைப் பிடித்து நகத்தை அதன் மேல் இழுத்தார். டக்கென்று மாட்டியது. 3,800 மணி நேரம் சீலின் லிப் (கிராங்கைத் தொட்டபடி இருக்கும் உள் விளிம்பு) ஒரே இடத்தில் உரசி, இரும்பிலேயே ஒரு கோடு விழுந்திருந்தது.

"தம்பி, இதுல எந்த சீலைப் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்" என்றார்.

அதற்கு இரண்டு வழி. கிராங்க் முனையில் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றலாம். அல்லது லிப் தேயாத இடத்தில் உட்காருகிற மாதிரி சீலைக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தலாம். எங்கள் வண்டியில் சீல் ஹவுசிங்கில் இடம் இருந்ததால் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இறக்கினார். லிப்பில் எண்ணெய் தடவி, ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்க, பழைய சீலையே மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினார். (ரப்பர் லிப்புக்குத்தான் எண்ணெய். டெஃப்லான் லிப் என்றால் உலர்வாகவே மாட்ட வேண்டும்.) அதற்கு முன்பே கிராங்கை நெம்பி ஆட்டமும் பார்த்துவிட்டார். கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங் தேய்ந்திருந்தால் இந்த வேலையே வீண்.

அப்புறம் பிரீத்தர் குழாய். சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. உள்ளே சேர்கிற காற்றழுத்தம் வெளியேற வழியில்லாமல் எண்ணெயை சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. முதல் பட்டறையில் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளட்ச் பிளேட்டும் புதிது போட்டேன். மொத்தச் செலவில் சீல் ஒரு ஓரத்தில்தான் நிற்கும். பிளேட்டும் கூலியும்தான் கையைக் கடித்தன.

இப்போது இரண்டு வருடம், 1,400 மணி நேரம் ஓடிவிட்டது. சேற்று உழவு, ரோட்டவேட்டர், வைக்கோல் லோடு எல்லாம் இதில்தான். துளையைச் சுற்றிக் கொஞ்சம் ஈரப்பசை உண்டு, தூசி ஒட்டுகிறது, சொட்டு இல்லை. முன்பெல்லாம் வாரம் அரை லிட்டர் ஊற்றுவேன். இப்போது 250 மணி நேரத்தில் ஆயில் மாற்றும்வரை டிப் ஸ்டிக்கில் அளவு பார்ப்பதோடு சரி. பிரீத்தரையும் அப்போதே கழற்றிக் கழுவிவிடுகிறேன்.

போன மாதத்திலிருந்து முன்பக்க கிராங்க் சீல் லேசாகக் கசிகிறது. அதற்கு வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை, கிராங்க் புல்லியைக் கழற்றினால் போதும். அறுவடை முடியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.