7.62 எஸ்.எல்.ஆர்.: கெட்டியான துப்பாக்கி, சுமாரான குரூப்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறேன். ராணுவ ஆளெடுப்புக்குத் தயாராகும் பசங்க பட்டறைப் பக்கம் வந்தால் தவறாமல் கேட்பது இதைத்தான்: “ஏனுங்ண்ணா, தானா லோடு ஆகிற துப்பாக்கி குறி சுத்தமா அடிக்காதுங்கறாங்களே, நெசமுங்களா?” பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. என் கையில் அதிகம் புழங்கியது இஷாப்பூர் 1ஏ1, அதாவது 7.62 மி.மீ. குண்டு சுடும், தானாக லோடு ஆகும் எஸ்.எல்.ஆர். அதை வைத்தே சொல்கிறேன். குரூப் என்றால், ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது.

1962 சீனப் போரில் நம் ஜவான்கள் பெரும்பாலும் தூக்கிப் போனது, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய .303 போல்ட் ஆக்‌ஷன். அந்த அனுபவத்துக்கு அப்புறம் வந்தது எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கி வழிவந்தது. 533 மி.மீ. பேரல், 20 ரவுண்டு மேகசின், ஒரு ட்ரிகர் இழுப்புக்கு ஒரு குண்டு. 90களில் இந்தியத் தயாரிப்பான இன்சாஸ் துப்பாக்கி வந்து இதை ஓரங்கட்டியது. போலீஸ் காவல் பணியில் இன்றைக்கும் தோளில் தொங்குவதைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தப்பான பேச்சைத் தள்ளிவிடுகிறேன். “கேஸைத் திருடுவதால்தான் குண்டு தடுமாறுகிறது” என்பார்கள். மருந்து வெடித்து வரும் கேஸில் (வாயுவில்) பேரல் துளை வழியாகப் போவது கொஞ்சம்தான். அது பிஸ்டனைத் தள்ளி, போல்ட் பூட்டு விடுபடுவதற்குள் குண்டு பேரலை விட்டுப் போயிருக்கும். காலித் தோட்டா உறை தெறிப்பதும், போல்ட் பின்னால் அடிப்பதும் குண்டு போன பிறகு நடக்கிற கூத்து. குறியைக் கெடுப்பது வேறு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் எல்லாம் அதே இடத்தில் வந்து உட்காருகிறதா? பேரலை யாராவது தொடுகிறார்களா? சைட்டும் பேரலும் ஒரே உடம்பில் இருக்கின்றனவா? பார்க்க வேண்டியது இந்த மூன்றைத்தான்.

மூன்றாவதில்தான் எஸ்.எல்.ஆர். சறுக்குகிறது. முன் சைட்டு பேரல் பக்கம், பின் சைட்டு கீழ் பாடியில். இரண்டு பாடியையும் ஒரு கீல் ஆணியும் பின்பக்கம் ஒரு லாக்கும் சேர்த்துப் பிடிக்கின்றன. துடைக்கத் திறந்து மூடித் திறந்து மூடி, வருஷக்கணக்கில் அந்த ஆணி தேயும். பழைய துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் தோளில் வைக்கும் பின்கட்டையைப் பிடித்து மெல்ல ஆட்டினால் ‘டக்’கென்று ஒரு சின்ன ஆட்டம் விரலில் தெரியும். கண் அந்த ஆடுகிற பாதியில் இருக்கும் சைட்டு வழியாகப் பார்க்கிறது, குண்டோ இன்னொரு பாதியிலிருந்து போகிறது. லேத்தில் ஜாப்பைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் சென்டர் ஓடினால் என்ன ஆகுமோ அதே கதை. இரண்டு சைட்டுக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேல் தூரம் இருப்பதால் குறி பார்க்க அருமையாக இருக்கும், ஏ.கே.யில் அது சுமார் 38 செ.மீ.தான். அந்த நல்ல விஷயத்தை இந்த ஆட்டம் தின்றுவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

பூட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும். இதில் போல்ட்டின் பின்பக்கம் கீழே இறங்கி ஒரு தடுப்பில் முட்டி நிற்கும். அந்தத் தடுப்பு தனித் துண்டு. பல அளவுகளில் வரும். ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்குமான இடைவெளி தளர்ந்தால் அளந்து பார்த்து அடுத்த அளவைப் போடுவது எங்கள் வேலை. அழகான ஏற்பாடு, களத்தில் பராமரிக்க வெகு சுலபம். ஆனால் அழுத்தம் கீழ்ப்பக்கம் மட்டுமே தாங்கப்படுகிறது. போல்ட் சுழன்று, தோட்டா உட்காரும் சேம்பருக்குப் பக்கத்திலேயே பூட்டிக்கொள்ளும் துப்பாக்கியில் தாங்கல் இன்னும் சமமாக இருக்கும்.

ரஷ்ய ஸ்னைப்பர் துப்பாக்கியான டிராகுனோவ் அந்த ரகம். அதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான், 10 ரவுண்டுதான், வெளித்தோற்றமும் ஏ.கே. சாயல். உள்ளே ஆள் வேறு. ஏ.கே.யில் கனமான பிஸ்டனும் கேரியரும் ஒன்றாகவே கடைசிவரை ஓடும். டிராகுனோவில் லேசான பிஸ்டன் ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடும். 620 மி.மீ. பேரல். கைப்பிடி மரம் பேரலை ஒரு பக்கமாக நெருக்காதபடி ஸ்பிரிங் கொடுத்திருக்கிறார்கள். குண்டைச் சுழற்றிவிடும் பேரலின் உள்புரி கூட முதலில் 320 மி.மீ.க்கு ஒரு சுற்று. 70களில் வேறு ரகக் குண்டுகளுக்காக 240 ஆக்கினார்கள். அதனால் ஸ்னைப்பர் ரவுண்டின் துல்லியம் கொஞ்சம் குறைந்தது. ஒரே துப்பாக்கி, புரி மாறினால் குரூப் மாறுகிறது, பாருங்கள்.

எஸ்.எல்.ஆரில் கைப்பிடி, ஸ்லிங் (தோளில் மாட்டும் வார்), பயோனெட் என்று எல்லாம் பேரலையே நம்பித் தொங்கும். ஸ்லிங்கைக் கையில் இறுக்கிச் சுற்றிச் சுட்டால் குண்டு விழும் இடமே நகரும். ஜீரோ பண்ணும்போது, அதாவது சைட்டைக் குண்டு விழும் இடத்துக்குச் சரிசெய்யும்போது எப்படிப் பிடித்தீர்களோ, அப்படியே கடைசிவரை பிடிக்கணும். ரவுண்டும் முக்கியம்: சாதாரண ரவுண்டில் ஒரு தயாரிப்பு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் குரூப் வித்தியாசப்படும்.

அப்புறம் கேஸ் ரெகுலேட்டர், அதாவது மிச்ச கேஸை வெளியே விடும் துளையைத் திறந்து மூடும் வளையம். நிறையப் பேர் முழுக்க மூடி வைத்துவிடுவார்கள், ‘அடைக்காமல் ஓடட்டும்’ என்று. பிஸ்டனுக்குத் தேவைக்கு மேல் கேஸ் போய், போல்ட் பின்னால் மடேர் என்று அடிக்கும், தோள் மிரளும், அடுத்த குண்டு மேலே போகும். முதலில் திறந்துவிட்டு, காலித் தோட்டா உறை ஒழுங்காக வெளியே விழும்வரை ஒவ்வொரு புள்ளியாக மூடி, அதற்கு மேல் ஒன்றிரண்டு புள்ளி மட்டும் கூட்டினால் போதும். அப்படி வைத்த துப்பாக்கி சாந்தமாகச் சுடும்.

பத்துக்கு மதிப்பெண் கேட்டால் உழைப்புக்கு ஒன்பது, துல்லியத்துக்கு ஆறு. புது மாதிரியாக இருந்து கீல் இறுக்கமாக இருந்தால் ஏழு தருவேன்.

போலீஸ், துணை ராணுவம் என்று இதைக் கையில் வாங்கப் போகும் தம்பிகளுக்கு: பேரலைத் துடைக்கும் கயிறான புல்த்ரூவை சேம்பர் பக்கம் போட்டு வாய்ப்பக்கம் நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் கயிறு பேரல் வாயை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும். வாய் தேய்ந்த பேரலை எந்த ஆர்மரராலும் சைட்டைத் திருப்பிச் சரிக்கட்ட முடியாது.