நானோ தூளை எடைபோட நான்கு வழிகள்: எது தேறும், எது கைவிடும்

புட்டியைத் திறந்து, சிறு கரண்டியால் 5 கிராம் உலர்ந்த நானோ தூளை எடுத்துத் தராசுத் தட்டில் கொட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. நாள் முழுக்க அந்தத் தூளோடு செய்யும் வேலையில் காற்றில் அதிகம் கலப்பது இந்த இரண்டு நிமிடத்தில்தான். இதைச் செய்ய நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: முகக்கவசம் மாட்டிக்கொண்டு திறந்த மேசையில் செய்வது, காற்றை உள்ளிழுத்து வெளியேற்றும் கூண்டான ஃபியூம் ஹூட்டுக்குள் செய்வது, கையுறைகள் பொருத்திய மூடிய பெட்டியான குளோவ் பாக்ஸுக்குள் செய்வது, உலர் தூளை விட்டுவிட்டு ஏற்கெனவே திரவத்தில் கலந்த குழம்பாக வாங்குவது. பலரும் முதல் வழியில் தொடங்குகிறார்கள். நான்கில் அதுதான் கடைசியாக வர வேண்டியது.

முதலில், எதற்குப் பயப்படுகிறோம் என்பதைச் சரியாக வைத்துக்கொள்வோம். நானோ என்றால் 1 முதல் 100 நானோமீட்டர். காற்று மாசு அறிக்கைகளில் வரும் பிஎம்2.5 என்பது 2.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் 1000 நானோமீட்டர்) அதற்குக் கீழும் உள்ள எல்லாத் துகள்களும். 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஈடாக அதே பொருளில் 20 நானோமீட்டர் துகள்கள் ஏறக்குறைய 20 லட்சம் வேண்டும். எடையை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. நுரையீரலுக்கு அப்படியில்லை. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். திசுவோடு வினைபுரிவது மேற்பரப்புதான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 2011-இல் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்தது இதனால்தான்: சாதாரண நுண்தூளுக்குக் கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3 மில்லிகிராம். பொருள் ஒன்றே, கண்டிப்பு எட்டு மடங்கு.

எங்கே போய்த் தங்குகிறது என்பதும் அளவைப் பொறுத்தது. 20 நானோமீட்டர் அளவில் உள்ளிழுத்தவற்றில் பாதியளவு நுரையீரலின் காற்று நுண்ணறைகளிலேயே படிந்துவிடும். 300 நானோமீட்டரை ஒட்டியவை பெரும்பாலும் மூச்சோடு வெளியேறிவிடும். 1, 2 நானோமீட்டர் துகள்கள் மூக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாயில் படிந்ததைச் சளியும் நுண்மயிர்களும் ஓரிரு நாளில் மேலே தள்ளிவிடும். நுண்ணறைகளில் நுண்மயிர் கிடையாது. அங்கே துகளை விழுங்கி அகற்றுவது விழுங்கணுக்களின் வேலை, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். துகள் நீண்ட, விறைப்பான இழையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஏறக்குறைய 15 மைக்ரானுக்கு மேல் நீண்ட இழையை விழுங்கணுவால் முழுதாக விழுங்க முடிவதில்லை. அழற்சி அணையாமல் தொடரும். ஆஸ்பெஸ்டாஸ் கற்றுக்கொடுத்த பாடம் இது. கார்பன் நானோகுழாய்களில் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற வகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில், வைத்திருக்கிறது. மற்ற நானோகுழாய்களை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. நயோஷ் அந்தப் பாகுபாட்டுக்குக் காத்திராமல் 2013-இல் எல்லா நானோகுழாய்களுக்கும் 8 மணி நேரச் சராசரியாக கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. உருண்டைத் துகளுக்குப் போதுமான ஏற்பாடு இழைக்குப் போதாமல் போகலாம். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்தே.

முகக்கவசம்

“என்95 துணியின் துளையைவிட நானோ துகள் சிறியது, அதனால் நுழைந்துவிடும்” என்று அடிக்கடி கேட்கலாம். தவறு. வடிகட்டி சல்லடை அல்ல. பெரிய துகள் நேராகப் பாய்ந்து இழையில் மோதும். மிகச் சிறியது காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ள, கோணல்மாணலாக அலைந்து இழையில் ஒட்டும். நடுவில் இருக்கும் அளவுதான் தப்பும். மின்னூட்டம் இல்லாத கண்ணாடி இழையாலான ஹெப்பா எனும் உயர்திறன் காற்று வடிகட்டியில் அந்த அளவு சுமார் 300 நானோமீட்டருக்கு அருகில். மின்னூட்டம் பெற்ற என்95 துணியில் 30 முதல் 100 நானோமீட்டருக்குள். தரமான என்95-இல் அங்கேயும் ஊடுருவல் 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். 10 நானோமீட்டர் துகள் 50 நானோமீட்டர் துகளைவிட எளிதாகப் பிடிபடும்.

ஓட்டை இருப்பது துணியில் அல்ல, விளிம்பில். மூக்குத்தண்டின் இருபுறம், கன்னம், தாடைக்குக் கீழ். அமெரிக்க விதிப்படி அரைமுகக் கவசத்தின் பாதுகாப்புக் காரணி 10, அதாவது வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரலாம் என்ற கணக்கு. 99.97 விழுக்காடு பிடிக்கும் பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுகக் கவசத்துக்கும் அதே 10-தான். வடிகட்டியின் மேன்மையை விளிம்புக் கசிவு விழுங்கிவிடுகிறது. ஆனாலும் இரண்டுக்குமிடையே ரப்பரையே தேர்ந்தெடுப்பது நல்லது: விளிம்பு நிலையாகப் பொருந்தும், வடிகட்டியை உள்ளங்கையால் மூடி மூச்சிழுத்தாலே கசிவு தெரிந்துவிடும், கழுவி மீண்டும் அணியலாம். என்95-ஐக் கழுவ முடியாது. ஆல்கஹால் பட்டால் துணியின் மின்னூட்டம் போய், பார்வைக்குப் புதிதாகவே இருக்கும் கவசம் முன்போல் வடிகட்டாது. அறுவைசிகிச்சை முகமூடிக்கு விளிம்பு அடைப்பே கிடையாது. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை.

முழுமுகக் கவசத்துக்குக் காரணி 50. விசிறி வைத்துக் காற்று தள்ளும் தளர்வான தலைமூடிக்கு 25. தாடி வைத்தவர்களுக்கு ஒத்துவருவது இது மட்டுமே. ஒரு நாள் தாடிக்குத்தே இறுக்கமான கவசத்தின் அடைப்பைக் கெடுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த மேசையில் நானோகுழாய்த் தூளைக் கொட்டும்போது மூச்சுப் பகுதியில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் எழுகிறது என்று வைத்துக்கொண்டால், சரியாகப் பொருந்திய அரைமுகக் கவசத்துக்குள் 5 மைக்ரோகிராம். நாள் முழுக்க அப்படியே நீடித்தால் வரம்பைப் போல ஐந்து மடங்கு. பக்கத்து மேசையில் கவசம் இல்லாமல் இருப்பவரின் கணக்கு தனி.

ஃபியூம் ஹூட்

ஆவிக்காகக் கட்டப்பட்ட கருவி இது, தூளுக்காக அல்ல. வாய்ப்பகுதியில் காற்று வினாடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வேகத்தில் உள்ளே போகும். வேகம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று தோன்றும். தூள் விஷயத்தில் நேர்மாறு. வேகமான காற்று கரண்டியிலிருந்தே தூளைப் பறித்துச் செல்லும், தராசின் எண் நிலைகொள்ளாமல் துள்ளும். அதைவிட முக்கியம், ஹூட்டின் முன் நிற்பவரின் உடல் காற்றோட்டத்துக்குக் குறுக்கே தடையாகி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழல் உருவாவது. உள்ளே போக வேண்டிய தூளை அந்தச் சுழல் மூக்கருகே கொண்டுவரும். கையை வெடுக்கென வெளியே இழுத்தாலும் அதே கதை.

ஹூட்தான் கையில் இருக்கிறது என்றால்: வேலையை வாயிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். கண்ணாடிக் கதவைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். உள்ளே பெட்டிகளை அடுக்கிப் பின்புறத் திறப்பை மறைக்காதீர்கள். தூளை உயரத்திலிருந்து கொட்டாமல், கரண்டியைத் தட்டில் தொடவைத்துச் சாய்த்து இறக்குங்கள். வெளியேற்றும் குழாயில் ஹெப்பா இல்லையென்றால் தூள் கூரை வழியாக வெளியே போகிறது, அவ்வளவுதான்.

தூளுக்கென்றே செய்த எடைக்கூண்டு வேறு. வேகம் 0.3 முதல் 0.4 மீட்டர், பின்னால் ஹெப்பா. கிராம் கணக்கில் வேலை செய்யும் இடத்துக்கு ஹூட்டைவிட இதையே பரிந்துரைப்பேன். இரண்டாம் வகுப்பு உயிரிப் பாதுகாப்புக் கூண்டும் தேறும்; ஆனால் ஏ2 வகையில் காற்றின் பெரும்பகுதி ஹெப்பா வழியாக உள்ளேயே சுழல்வதால் கரைப்பான் ஆவி இருக்கும் வேலைக்கு அது கூடாது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று லேமினார் மேசை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வடிகட்டிய காற்றை மாதிரியின் மேல் செலுத்தி உங்கள் முகத்தை நோக்கி ஊதும். மாதிரியைக் காக்கும், உங்களைக் காக்காது. நானோ தூளுக்கு இதைவிடத் தவறான மேசை கிடையாது.

குளோவ் பாக்ஸ்

நானோகுழாய், நச்சு உலோகத் துகள், நச்சுத்தன்மை இன்னும் தெரியாத புதுப் பொருள் ஆகியவற்றுக்கு இதுதான். ஆனால் ஒன்றைச் சரிபார்க்காமல் தொடக் கூடாது: அழுத்தமானியின் குறி. ஈரமும் ஆக்சிஜனும் புகாமல் காக்கும் ஆர்கான் பெட்டிகள் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். கையுறையில் ஊசித்துளை விழுந்தால் உள்ளிருப்பது வெளியே தள்ளப்படும். மனிதரைக் காக்க வேண்டிய பெட்டி குறைந்த அழுத்தத்தில் ஓட வேண்டும். இரண்டும் தேவைப்படும் பொருளென்றால், நேர் அழுத்தப் பெட்டியோடு அன்றாடக் கையுறைக் கசிவுச் சோதனையும் சேர வேண்டும்.

பெட்டிக்குள் வேலை நடக்கும்போது தப்பு நேர்வது அரிது. பொருளை வெளியே எடுக்கும்போதும் பெட்டியைச் சுத்தம் செய்யும்போதும்தான் நேரும். உள்ளே இருந்த புட்டியின் வெளிப்புறம் முழுக்கத் தூள் படிந்திருக்கும். பொருளை உள்ளே வெளியே மாற்றும் இடைக்கூண்டில் வைக்கும் முன் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஈரம் ஆகாத பொருளென்றால் உறையிட்டு எடுக்க வேண்டும். உலர்ந்த வாயுவில் நிலைமின்சாரம் ஏறி, தூள் கரண்டியிலிருந்து துள்ளிக் கையுறையில் ஒட்டும். பெட்டியின் உண்மையான குறை வேகம்தான்: இரண்டு நிமிட வேலை இருபது நிமிடமாகும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் பெட்டி மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

ஈரக் குழம்பு

தூளை நீரிலோ கரைப்பானிலோ கலந்த நிலையிலேயே வாங்க முடிந்தால் மேலே சொன்ன பாதி தொல்லை இல்லை. ஊற்றினால் எழாது, எடைக்குப் பதில் பிப்பெட்டால் அளக்கலாம். எங்கே முடியுமோ அங்கே முதல் தேர்வு இதுவே.

ஆனால் ஈரம் இருக்கும்வரைதான் அது குழம்பு. மூடியின் விளிம்பில் வழிந்து காய்ந்த பொருக்கு, அடுத்த முறை திருகும்போது தூளாக உதிரும். மீயொலிக் கோலால் கலக்கினால் மேற்பரப்பில் நுண்திவலைகள் தெறிக்கும். நீர் ஆவியானதும் உள்ளிருந்த துகள் மட்டும் காற்றில் மிஞ்சும். தெளிப்பதும் அப்படியே. ஆகவே கலக்குவதும் தெளிப்பதும் கூண்டுக்குள் நடக்கட்டும். தோலுக்கான ஆபத்தும் குழம்பில் கூடும், கரைப்பான் கையுறையை ஊடுருவும்போது துகளையும் கூட்டிச்செல்லக்கூடும். நைட்ரைல் இரட்டையாக, சட்டைக் கைக்கு மேல் ஏறும் நீளத்தில் அணிய வேண்டும். நானோ அலுமினியம், மக்னீசியம் போன்றவற்றில் நீர் பட்டால் ஹைட்ரஜன் வெளிவரும். இவற்றுக்கு நீர்க் குழம்பு என்ற பேச்சே இல்லை.

எந்த வழியானாலும் சரிபார்க்க அளவிட வேண்டும். இங்கே மலிவான லேசர் பிஎம்2.5 கருவியை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஏறக்குறைய 300 நானோமீட்டருக்குக் கீழ் உள்ளதை அது காண்பதே இல்லை. கொத்தாகத் திரண்ட துகளைத்தான் காட்டும். தனித்துகளை எண்ண ஆல்கஹால் ஆவியைத் துகள்மேல் படியவைத்துப் பெரிதாக்கி எண்ணும் ஒடுக்கத் துகள் எண்ணி வேண்டும். அதுவும் எந்தத் துகள் என்று சொல்லாது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரும் சூடான கம்பியும்கூட நானோ துகள்களை உமிழும். ஆகவே வேலைக்கு முன் வெற்று அறையின் எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, வேலையின்போது எடுத்ததோடு ஒப்பிட வேண்டும்.

சுத்தம் செய்யும்போது துடைப்பமும் அழுத்தக் காற்றும் கூடாது. ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை இரட்டை உறையில் கட்ட வேண்டும். உலர்ந்ததை உறிஞ்ச ஹெப்பா பொருத்திய கருவி. எரியும் உலோகத் தூளுக்கு வெடிப்புத் தடுப்புச் சான்று பெற்ற கருவி மட்டுமே, சாதாரண மோட்டாரின் ஒரு தீப்பொறி போதும். பருத்திக் கோட்டு தூளைப் பிடித்து வைத்து வெளியே கொண்டுவரும். நெய்யாத பாலிஎத்திலீன் மேலங்கி அதைவிட நன்கு தடுக்கும். கழற்றும் வரிசை: வெளிக் கையுறை, மேலங்கியை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி, கூண்டை விட்டு விலகிய பிறகு முகக்கவசம், கடைசியில் உள் கையுறை. கவசத்தை முதலில் கழற்றிவிட்டு மேலங்கியை உதறினால், கூண்டுக்குள் அடக்கி வைத்தது அந்த ஒரு உதறலில் மூக்குக்கு வந்துவிடும்.